சதுரங்க நெல்லைவிட ஒரு மணி கூடுதல்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதை நம்மில் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். "இவ்வளவுதானா?" என்று சிரித்த அரசன் பாதிப் பலகை வரை சமாளித்திருப்பான். இரண்டாம் பாதியில் களஞ்சியம் துடைத்துவைத்ததுபோல் ஆகிவிடும். 64 கட்டங்களையும் கூட்டினால் வருவது 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள்.

2016 ஆகஸ்டில் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் கோள்களின் எண்ணிக்கை இதைவிட ஒன்றே ஒன்று அதிகம். கடைசி இலக்கம் 5 அல்ல, 6. இது தற்செயல் அல்ல. கணினி ஓர் எண்ணை 64 துண்டுகளாக எழுதிவைக்கும்போது, ஒவ்வொரு துண்டும் பூச்சியமாகவோ ஒன்றாகவோ இருக்கலாம். ஒரு துண்டு கூடும்போதெல்லாம் எழுதக்கூடிய எண்களின் தொகை இரட்டிக்கிறது. சதுரங்கக் கட்டங்களும் 64, கணினியின் துண்டுகளும் 64. எண்ணுக்கு ஒரு கோள் என்று, அரசன் தோற்ற அதே கணக்கில் இங்கே கோள்கள் கிடைத்திருக்கின்றன.

எவ்வளவு பெரிய எண் இது? ஒரு கோளுக்கு ஒரு நொடி என்று ஒதுக்கி எல்லாவற்றையும் எட்டிப்பார்த்துவிட்டு வர ஏறத்தாழ 58,400 கோடி ஆண்டுகள் ஆகும். நாம் வாழும் உண்மையான பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். இதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் உள்ள சின்னஞ்சிறு நிறுவனம். விளையாட்டு வெளியானபோது அங்கே வேலை பார்த்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்கள் உட்கார்ந்து இத்தனை மலைகளை வரைந்திருக்க முடியாது. வரைந்திருந்தாலும் வைக்க இடம் கிடையாது. ஒரு கோளுக்கு ஒரே ஓர் எழுத்து அளவு இடம் கொடுத்தாலும் 1 கோடியே 84 லட்சம் டெராபைட் வேண்டும். விளையாட்டோ அன்று பத்து ஜிகாபைட்டுக்குள் அடங்கியது.

அப்படியென்றால் கோள்கள் எங்கே இருக்கின்றன? எங்கும் இல்லை. நீங்கள் அருகில் போகும்போது கணக்கிடப்படுகின்றன. விலகிப் போனதும் அழிக்கப்படுகின்றன. திரும்பி வந்தால் மறுபடி கணக்கிடப்படுகின்றன. கணக்கு ஒன்றே என்பதால் அதே மலை, அதே இடத்தில், அதே உயரத்தில் நிற்கிறது. வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் 7,853 பெருக்கல் 649 அச்சாகியிருப்பதில்லை. யார் எப்போது போட்டாலும் ஒரே விடைதான் வரும். அந்த விடை இதுவரை எங்கே 'இருந்தது' என்று கேட்பதுபோலத்தான் இந்தக் கோள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பதும்.

இதற்கு ஆங்கிலத்தில் புரோசீஜரல் ஜெனரேஷன் என்று பெயர். நான் இதை விதிவழி உருவாக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று விதிகள், அதாவது நிரல். மற்றொன்று அந்த விதிகளுக்குள் போடும் தொடக்க எண். அதற்கு ஆங்கிலத்திலும் 'சீட்', விதை என்றுதான் பெயர். மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். என் அக்கா மகன் தன் நண்பனுக்கு ஓர் எண்ணைத் தொலைபேசியில் சொன்னான். அவன் அதைத் தன் கணினியில் தட்டினான். இருவர் திரையிலும் ஒரே ஆறு, ஆற்றோரத்தில் ஒரே மரம். உலகத்தை அனுப்பவில்லை, விதையைத்தான் அனுப்பினார்கள்.

தாளும் பேனாவும் இருந்தால் இதை நாமே செய்து பார்க்கலாம். பத்து அசைகளுக்குப் பூச்சியம் முதல் ஒன்பது வரை எண் கொடுப்போம்: 0 மா, 1 தே, 2 கோ, 3 ரி, 4 லா, 5 வ, 6 னி, 7 சு, 8 த, 9 பி. விதை 2, 7, 1 என்று வைத்துக்கொள்வோம். விதி இதுதான்: கடைசி மூன்று எண்களைக் கூட்டு, விடையின் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் எழுது. 2, 7, 1 கூட்டினால் 10, ஆகவே 0. 7, 1, 0 கூட்டினால் 8. 1, 0, 8 கூட்டினால் 9. இப்படியே போனால் 0, 8, 9, 7, 4, 0, 1, 5, 6, 2, 3, 1 என்று வரிசை நீள்கிறது. மூன்று மூன்றாக நறுக்கி அசைகளைப் போட்டால் மாதபி, சுலாமா, தேவனி, கோரிதே. நான்கு கோள்களுக்குப் பெயர் வைத்தாயிற்று, ஒன்றையும் நாம் யோசிக்கவில்லை.

விதையில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி 2, 7, 3 என்று தொடங்கினால் கோகோசு, தேமாத, பிசுலா என்று வேறு பெயர்கள் வருகின்றன. கோகோசு என்ற கோளில் நான் குடியேற மாட்டேன், ஆனால் பெயர் புதிதுதான். இப்போது இந்த இரண்டாவது வரிசையை நிதானமாகப் பாருங்கள்: 2, 7, 3, 2, 2, 7, 1, 0, 8, 9, 7, 4. நடுவில் 2, 7, 1 ஒளிந்திருக்கிறது! அதாவது நாம் புதிய உலகத்துக்குப் போகவில்லை. பழைய உலகத்துக்குள்ளேயே வேறு வாசல் வழியாக நுழைந்திருக்கிறோம். நறுக்கிய இடம் மாறியதால் பெயர்கள் வேறாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பத்தே இலக்கங்களை வைத்துக்கொண்டு விளையாடினால் இப்படிச் சீக்கிரமே சுற்றி வந்துவிடும். அதனால்தான் நிஜ நிரல்கள் பிரமாண்டமான எண்களைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் வேறாகத் தெரிவதும் வேறாக இருப்பதும் ஒன்றல்ல என்ற சங்கடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மேலே போட்ட கணக்கு நான் கண்டுபிடித்ததல்ல. 1984இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய 'எலைட்' விளையாட்டின் முறையைத்தான் சுருக்கிச் சொன்னேன். பிபிசி மைக்ரோ என்ற கணினிக்காக அதை எழுதினார்கள். அதன் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். இன்று குடும்பக் குழுவில் வந்து விழும் காலை வணக்கப் படம்கூட இதைவிடப் பெரியது. அந்த இடுக்குக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக மொத்தம் 2,048 கோள்களை அடைத்தார்கள். ஒவ்வொரு கோளுக்கும் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாம் உண்டு. எல்லாம் மூன்றே எண்களிலிருந்து, மூன்றையும் கூட்டி அடுத்ததைப் பெறும் விதியால் வந்தவை. பெயர்களும் நாம் செய்ததுபோலவே, இரண்டிரண்டு எழுத்துகளாகக் கோத்தவை. ஆட்டம் தொடங்கும் கோளின் பெயர் லேவ். எல்-ஏ ஒரு ஜோடி, வி-இ ஒரு ஜோடி.

எட்டு மண்டலங்கள் என்ற கணக்கு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பைட்டில் எட்டுத் துண்டுகள். அவற்றை வட்டமாக நிற்கவைத்து, எல்லாரையும் ஓரிடம் நகரச் சொன்னால் புதிய எண் கிடைக்கிறது. அதுதான் அடுத்த மண்டலத்தின் விதை. எட்டு முறை நகர்ந்தால் எல்லாரும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். எட்டாவது மண்டலத்திலிருந்து தாவினால் முதல் மண்டலத்தில் வந்து விழுவது அதனால்தான்.

உண்மையில் அவர்கள் முதலில் நினைத்தது எட்டு அல்ல. அந்த முறையால் 2இன் 48ஆவது அடுக்கு, அதாவது ஏறத்தாழ 281 லட்சம் கோடி மண்டலங்களை உண்டாக்கியிருக்க முடியும். வெளியீட்டாளரான ஏகார்ன்சாஃப்ட் வேண்டாம் என்றது. இத்தனை இருந்தால் எல்லாம் கணக்கு என்பது அம்பலமாகிவிடும் என்பது அவர்களின் கவலை. சரியான கவலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணக்குக்கு வெட்கம் கிடையாது என்பதற்கும் அதே விளையாட்டில் சான்று உண்டு. விதைகளைப் பரிசோதித்தபோது ஒரு மண்டலத்தில் ஒரு கோளுக்குப் பிட்டத்தைக் குறிக்கும் கொச்சையான ஆங்கிலச் சொல் பெயராக அமைந்துவிட்டது. ஒரு பெயரை மட்டும் திருத்த முடியாது, ஏனென்றால் எழுதிவைத்த பெயர் என்று ஒன்று அங்கே இல்லை. மண்டலத்தையே தூக்கி எறிந்துவிட்டு வேறு விதை போட்டார்கள்.

பெயர் சரி. மலையும் பள்ளத்தாக்கும் எப்படி வருகின்றன? ஒவ்வொரு புள்ளிக்கும் குத்துமதிப்பாக ஓர் உயரம் கொடுத்தால் நிலப்பரப்பு வராது, ஆணிப்படுக்கைதான் வரும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு உறவு வேண்டும். இதற்கு வழி சொன்னவர் கென் பெர்லின். 1982இல் வெளியான 'டிரான்' படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை செய்தவர் அவர். கணினி வரைந்தவை எல்லாம் இயந்திரத்தனமாக மொழுமொழுவென்று இருந்தது அவருக்கு உறுத்தியது. அதிலிருந்து பிறந்த முறைக்கு இன்று பெர்லின் நாய்ஸ் என்று பெயர். இதற்காக 1997இல் ஆஸ்கர் அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது.

கட்டம் போட்ட நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் வெட்டும் ஒவ்வொரு முனையிலும் தரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டும் விதையிலிருந்து முடிவு செய்கிறோம். முனைகளுக்கு நடுவே உள்ள இடங்களைச் சுற்றியுள்ள நான்கு சாய்வுகளும் சேர்ந்து இழைத்துக்கொடுக்கின்றன. வருவது மென்மையான மேடுபள்ளம், காற்றில் அசையும் விரிப்புபோல. இது மட்டும் போதாது. முதலில் ஒரு கிலோமீட்டர் அகலமும் 200 மீட்டர் உயரமும் உள்ள பெரிய அலைகள். அவற்றின் மேல் அரைக் கிலோமீட்டர் அகலத்தில் 100 மீட்டர் அலைகள். அதன் மேல் அதில் பாதி, பிறகு அதிலும் பாதி என்று குறைந்துகொண்டே போகும். பெரிய அலை மலையாகிறது, நடுத்தர அலை முகடாகிறது, சின்னது பாறையாகிறது, கடைசி அலை காலில் இடறும் கல்லாகிறது. விண்கலத்திலிருந்து பார்க்கும்போது முதல் இரண்டு அலைகளைக் கணக்கிட்டால் போதும். கல்லைப் பற்றிய கணக்கு இறங்கி நடக்கும்போதுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் தாளில் செய்த பெயர்க் கணக்கில் நூறாவது பெயர் வேண்டுமென்றால் தொண்ணூற்றொன்பதையும் தாண்டித்தான் வர வேண்டும். நிலத்துக்கு அப்படிச் செய்தால் ஆட்டம் நகராது. ஆகவே இடத்தைக் கொடுத்தால் நேராக விடை சொல்லும் கணக்குகளைப் பயன்படுத்துகிறார்கள். கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று கேட்டால் உயரம் வந்துவிடும், பக்கத்து ஊரைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கோடிக்கணக்கான கோள்களில் எதில் வேண்டுமானாலும் சட்டென்று இறங்க முடிவது இதனால்தான்.

செடிகொடிகளுக்கு வேறு வகை விதிகள். கிளை என்பதை "கிளை, அதில் இரண்டு கிளை" என்று மாற்றி எழுதிக்கொண்டே போனால் மரம் வந்துவிடும். ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் முன்வைத்த இலக்கணம் இது. நமக்கு இதில் நேரான ஒட்டுறவு ஒன்று உண்டு. இதே போன்ற இலக்கணங்களால் கோலத்தை எழுத முடியும் என்று சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1970களிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் நெளிக்கோலமும் திரையில் முளைக்கும் வேற்றுக்கோள் மரமும் ஒரே கணிதக் குடும்பம்.

எல்லா விண்வெளி விளையாட்டுகளும் கற்பனைப் பிரபஞ்சத்தில் நடப்பவை அல்ல. பிரேபனின் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'எலைட் டேஞ்சரஸ்' நம்முடைய பால்வீதியையே முழு அளவில் எடுத்துக்கொண்டது. 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள். வானியல் அட்டவணைகளில் உள்ள உண்மையான விண்மீன்கள் லட்சத்துக்கும் மேல் அவரவர் இடத்தில் வைக்கப்பட்டன. மீதி இடத்தை, வாயுவும் தூசியும் திரண்டு விண்மீனாகவும் கோளாகவும் ஆகும் இயற்பியலைப் பின்பற்றும் விதிகள் நிரப்பின. 2017 பிப்ரவரியில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான சிறு விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக வானியலாளர்கள் அறிவித்தார்கள். விளையாட்டில் தேடிப் பார்த்தபோது கிட்டத்தட்ட அந்த இடத்தில், மங்கலான ஒரு பொருளைச் சுற்றி ஏழு கோள்கள் முன்பே இருந்தன. இதை ஜோதிடம் ஆக்க வேண்டாம், தற்செயலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் விதி இயற்கையிடமிருந்து வாங்கியதாக இருந்தால் தற்செயலுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

அந்த விளையாட்டு வெளிவந்து ஐந்தாண்டு கழித்து, 2020இல், எவ்வளவு பார்த்து முடித்திருக்கிறார்கள் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது: 0.042 சதவீதம்.

இத்தனை பெரிய இடத்தில் கணினிக்கே தலைசுற்றும் ஒரு சிக்கலும் இருக்கிறது. விளையாட்டுகள் பொதுவாக இடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் எண் வகையில் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம்தான் உண்டு. மையத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்றால், அந்த எண்ணால் ஒரு மீட்டருக்குக் குறைந்த நகர்வைச் சொல்லவே முடியாது. கையை அசைத்தால் கை மீட்டர் கணக்கில் தாவும், முகம் நடுங்கும். இதற்குக் கண்ட தீர்வு வேடிக்கையானது. ஆட்டக்காரரை எப்போதும் மையத்திலேயே உட்காரவைத்துவிட்டு, பிரபஞ்சத்தை அவரைச் சுற்றி நகர்த்துகிறார்கள். கோப்பர்நிக்கஸ் கேட்டால் வருத்தப்படுவார்.

இப்போது அந்தப் பழைய சங்கடத்துக்கு வருகிறேன். நோ மேன்ஸ் ஸ்கை வெளியான முதல் இரவிலேயே ஆட்டக்காரர்கள் ஒரு கோடி உயிரினங்களைக் கண்டுபிடித்துவிட்டதாக அதன் உருவாக்குநர் ஷான் மரே அறிவித்தார். பூமியில் இதுவரை பெயரிடப்பட்டவற்றைவிடப் பல மடங்கு அதிகம். சில வாரங்களில் முணுமுணுப்பு எழுந்தது: எங்கே போனாலும் அதே கோள்தான். நிறம் வேறு, கால் எண்ணிக்கை வேறு, கொம்பு வேறு. பார்த்தால் ஏற்கெனவே பார்த்ததுபோல் இருக்கிறது. கேட் காம்ப்டன் என்ற கணினி ஆய்வாளர் இதற்கு ஓர் உவமை சொன்னார், ஓட்ஸ் கஞ்சியை வைத்து. பத்தாயிரம் கிண்ணம் கஞ்சி செய்யலாம். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓட்ஸ் கிடக்கும் விதம் வேறு வேறுதான். கணிதப்படி ஒன்றுகூட இன்னொன்றின் நகல் அல்ல. சாப்பிடுகிறவருக்கு எல்லாம் கஞ்சி. நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம், ஒரு தட்டு உப்புமா போதும். எந்த ரவை எங்கே கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கோள்களைப் பெருக்குவதற்கு ஒரு துண்டு கூடுதலாகச் சேர்த்தால் போதும், தொகை இரட்டித்துவிடும். ஆனால் ஆட்டக்காரர் நின்று திரும்பிப் பார்க்கும்படி ஒரு கோளைச் செய்ய வேண்டுமானால் புதிய விதி வேண்டும், புதிய ஓவியம் வேண்டும். அதை மனிதர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். 2023இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களோடு வந்த 'ஸ்டார்ஃபீல்டு' விளையாட்டிலும் இதே குறை எழுந்தது. வேறு கோளில், அதே பாழடைந்த கட்டடம், உள்ளே அதே இடத்தில் அதே பொருள்கள். ஆயிரமே அதிகம் என்று பலர் சொன்னார்கள். பெட்டியின் மேல் அச்சிடும் எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. எத்தனை கோள் என்று கேட்பதைவிட எத்தனை விதி என்று கேட்பது பயனுள்ள கேள்வி. ஹலோ கேம்ஸ் பின்வந்த ஆண்டுகளில் விலை கேட்காமல் புதுப்பிப்பு மேல் புதுப்பிப்பாகக் கொடுத்துச் சேர்த்ததும் அதைத்தான்.

வெளியான புதிதில் இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு ஆட்டக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோளில், ஒரே இடத்தில் போய் நின்றார்கள். இருவருக்கும் ஒரே நிலம் தெரிந்தது. ஒருவருக்கொருவர் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று பெரும் சண்டையே மூண்டது. முழுமையாகச் சேர்ந்து ஆடும் வசதி 2018இல்தான் வந்தது. ஆனால் நம் பாடத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. கோளை இரு கணினிகளும் தனித்தனியே கணக்கிட்டுக்கொண்டன, யாரும் யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. எதிரில் நிற்கும் ஆளைக் கணக்கிட முடியாது. அவர் இடப்பக்கம் திரும்புவாரா, குனிவாரா என்பது எந்த விதையிலும் இல்லை. அது கம்பி வழியாக வந்தால்தான் உண்டு.

ஆட்டக்காரர் செய்யும் மாற்றங்களும் அப்படித்தான். மலை கணக்கிலிருந்து வரும். மலையில் நீங்கள் வெட்டிய குழி வராது. அதைத் தனியே குறித்துவைக்க வேண்டும். ஆகவே சேமிப்பில் இருப்பதெல்லாம் வித்தியாசங்கள்தான்: இங்கே ஒரு குழி, அங்கே ஒரு வீடு, இந்தக் கோளை முதலில் கண்டவர் இன்னார், அவர் வைத்த பெயர் இது.

என் அக்கா மகன் இப்போது மைன்கிராஃப்டை விட்டு விண்வெளிக்குப் போய்விட்டான். போன மாதம் பனி படர்ந்த ஒரு கோளில் இறங்கினான். அவனுக்கு முன் யாரும் அங்கே வந்ததில்லை என்று திரை சொன்னது. பெயர் வைக்கச் சொல்லிக் கட்டம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு என் அம்மாவின் பெயரைத் தட்டினான். பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "இவ்வளவு குளிரிலா என்னைக் கொண்டுபோய் விட்டாய்?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். சற்று நேரத்தில் அவனும் கிளம்பினான். அவன் கலம் மேலே ஏற ஏற முதலில் கற்கள் மறைந்தன, பிறகு பாறைகள், பிறகு முகடுகள். கடைசியில் கோளே நினைவகத்திலிருந்து அழிந்துபோயிருக்கும். அம்மாவின் பெயர் மட்டும் எங்கோ ஒரு சர்வரில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.